வேலியோரத்துச் சோளப் பீப்பாய்

மேசன், டெக்சஸ்
19 ஆகஸ்ட் 2013

திரு. ஹார்லன் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. இதை ஓர் அறிவிப்பாக எடுத்துக்கொள்ளவும்.

என் நிலத்துக்கும் உங்கள் நிலத்துக்கும் நடுவில் ஓடும் வேலியை ஒட்டி ஒரு மக்காச்சோளப் பீப்பாய் நிற்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் அப்பா பார்த்து வைத்த இடம், உங்கள் அண்ணன் எமில் நட்டுவைத்த பீப்பாய். மூன்று கால், அடியில் ஒரு தட்டு, தட்டைச் சுழற்ற ஒரு மோட்டார். மான்களை வரவழைக்கக் காலையும் மாலையும் தானே சோளத்தை வாரி இறைக்கும். நாலு பக்கமும் இறைக்கும், அதுதான் சங்கடம். வேலி நாலு எட்டு தள்ளித்தான் இருக்கிறது. நான் மூட்டை மூட்டையாக வாங்கி நிரப்பவைக்கும் சோளத்தில் பாதி உங்கள் பக்கம் போய் விழுகிறது. மான்கள் வேலியைத் தாண்டி அங்கே போய்த் தின்கின்றன. உங்கள் நிலத்தில் வேட்டைக்குக் குத்தகை எடுத்த ஹூஸ்டன்காரர்கள் பரண்மேல் சாய்ந்து உட்கார்ந்து அவற்றைச் சுட்டுக்கொண்டு போகிறார்கள். போன வருஷம் அந்தக் கிழ மான் தொங்குக்கொம்பனையும் கொண்டுபோய்விட்டார்கள்.

எமில் இருந்தவரை அவர் பாடு. இப்போது சோளத்துக்குக் காசு கொடுப்பது நான். ஆகவே இந்த வேட்டை சீசனுக்கு முன்னால் ஒரு பக்கம் மட்டும் இறைக்கிற பீப்பாய் ஒன்றை வாங்கி, அதன் வாயை என் பரண் பக்கம் திருப்பி வைக்கப் போகிறேன். இனி ஒரு மணி சோளம்கூட வேலி தாண்டாது. உங்கள் குத்தகைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் வந்து என்னிடம் மூக்கைச் சிந்த வேண்டாம்.

போன் செய்ய வேண்டாம். மார்ச் மாதம் நீங்கள் போன் செய்தபோது எடுத்தவுடனே வைத்துவிட்டேனே, அது கை தவறி நடந்ததல்ல.

இப்படிக்கு,
வெர்னா
(எமிலின் மனைவி)


ஒடெஸ்ஸா
28 ஆகஸ்ட் 2013

அன்புள்ள அண்ணி,

'திரு' என்று பார்த்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். இங்கே எண்ணெய்க் கிணற்றில் என்னை யாரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை, "ஏய் பெருசு"தான். உங்கள் கையெழுத்தில் என் பேரைப் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டது. திட்டி எழுதியிருந்தாலும் இரண்டு தடவை படித்தேன்.

சோளம் உங்களுடையது. அது எந்தப் பக்கம் விழவேண்டும் என்பது உங்கள் இஷ்டம். எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் வாங்குவது வாங்குகிறீர்கள், ஏமாந்துவிடாமல் வாங்குங்கள். கடையில் எல்லாப் பீப்பாயும் நன்றாகத்தான் சுற்றும். வெயிலிலும் மழையிலும் நிற்கும்போதுதான் அதன் லட்சணம் தெரியும்.

ஒரு பக்கப் பீப்பாயில் தட்டைச் சுற்றித் தகரக் கவசம் போட்டு ஒரு பக்கம் மட்டும் வாய் விட்டிருப்பார்கள். அந்தக் கவசத்துக்குள் மூலை முடுக்கு இருக்கக் கூடாது. இருந்தால் சோளத்தூள் அங்கே தங்கும். ஒரு தூறல் போட்டால் மாவாகிக் கட்டிக்கொள்ளும், அப்புறம் மோட்டார் முக்கும், முனகும், ஒன்றும் வராது. ரக்கூன் விஷயமும் இருக்கிறது. அந்தப் பிராணிக்கு நம்மைப் போலக் கை. வாய்க்குள் கையை விட்டுத் தட்டைத் தானே சுழற்றித் தின்றுவிட்டுப் போகும். அதனால் வாயில் கம்பி இருக்க வேண்டும், கம்பி சோளத்தையும் மறிக்கக் கூடாது. கால்களைத் தரையோடு முளையடித்துக் கட்டுங்கள். காட்டுப்பன்றி வந்து முதுகு சொறிந்தால் சாய்ந்துவிடும்.

எல்லாவற்றையும்விட டைமர். அண்ணன் சொன்னது நினைவிருக்கிறதா? "மான் உன்னை நம்பியா வருது? அந்த மோட்டார் சத்தத்தை நம்பி வருது. ரெண்டு சாயங்காலம் நீ ஏமாத்தினா மூணாவது நாள் உன் மூஞ்சியிலயே முழிக்காது" என்பார். அவ்வளவுதான் அண்ணி. சொன்ன நேரத்துக்குத் தவறாமல் தருவதுதான் நல்ல பீப்பாய். மற்றதெல்லாம் பெயின்ட்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். வேறு யார் வாயாலோ கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். அப்பா நிலத்தில் என் பாதியை விற்கப் போகிறேன். குத்தகை எடுத்திருக்கும் ஹூஸ்டன் பல் டாக்டரே வாங்கிக்கொள்கிறார். அக்டோபர் நடுவில் கையெழுத்து. சீசன் முடிந்ததும் எட்டடி உயர வலைவேலி போடுவாராம். அப்புறம் உங்கள் பக்கத்து மான் என் பக்கம் வராது, என் பக்கத்தது உங்கள் பக்கம் வராது. அதனால் ஒரே ஒரு சீசனுக்காக நீங்கள் புதுப் பீப்பாய் வாங்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

அன்புடன்,
ஹார்லன்


மேசன்
6 செப்டம்பர் 2013

திரு. ஹார்லன் அவர்களுக்கு,

நீங்கள் விற்றால் எனக்கென்ன என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். வயிறு எரிகிறது.

உங்கள் அண்ணனைப் புதைத்து ஒரு வருஷம் ஆகவில்லை. எட்டடி வேலியாம். அதற்குள் மானும் பல் டாக்டரும் குடித்தனம் நடத்துவார்களா? நாலடி வேலியைப் பிறந்த அன்றிலிருந்து தாண்டிப் பழகிய மான் எட்டடியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அதைக் காலையில் பார்க்கப் போவது ஒடெஸ்ஸாவில் இருக்கும் நீங்கள் இல்லை, நான்தான்.

நீங்கள் முதலில் அந்த ஆட்களுக்குக் குத்தகைக்கு விட்டபோதே உங்கள் அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தது எனக்குத் தெரியும். அன்றைக்கு வாசலில் உங்களிடம் என்ன சொன்னார் என்பதும் தெரியும். அதற்குப் பிறகு உங்கள் பேரை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அவர் கோபத்தோடுதான் போனார். அவருடைய பூட்ஸை எப்படி வைத்திருக்கிறேனோ அப்படி அந்தக் கோபத்தையும் வைத்திருக்கிறேன். எனக்குச் சேரவேண்டியது, நான் வைத்துக்கொள்கிறேன்.

தொங்குக்கொம்பனைச் சுட்ட சாயங்காலத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு கிளை மட்டும் கண்ணுக்குக் கீழே தொங்கும் அந்தக் கொம்பை அவர் எத்தனை வருஷமாகப் பார்த்து வந்தார். சுடாமல், இன்னும் வளரட்டும் என்று விட்டுவைத்தார். உங்கள் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. பரணிலிருந்து வந்தவர் சமையலறையில் உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை. நான் உங்களையும் அந்தப் பல் டாக்டரையும் சேர்த்து வைதுகொண்டிருந்தேன். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "விடு வெர்னா. சோளம் போகவேண்டிய எடத்துக்குத்தான் போயிருக்கு." அந்தக் கசப்பை நான் மறக்கவில்லை.

அந்த வருஷமும், அதற்கு முந்தின வருஷமும், அந்தப் பரணிலிருந்து அவர் ஒரு மான்கூடக் கொண்டுவரவில்லை. கண் மங்கிப்போச்சு என்றார். வீட்டில் மான்கறி அடைத்துச் செய்யும் சாஸேஜைத் தவிர வேறு தொடாத மனுஷன், கடைசிக் குளிர்காலத்தில் கடைச் சாஸேஜைத்தான் தின்றார். எல்லா மானும் உங்கள் பக்கம்.

அதனால் ஒரு சீசனுக்கானாலும் சரி, நான் வாங்கத்தான் போகிறேன். டெல்பர்ட் கடைக்குப் போனேன். இரண்டு விதம் வைத்திருக்கிறான். ஒன்று நீங்கள் சொன்ன கவசம் போட்டது. இன்னொன்றில் தட்டே கிடையாது, காற்றாடி வைத்து ஊதித் தள்ளுகிறது. விற்கிற பெண் அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே போனில் இயக்கலாம் என்றாள். உட்கார்ந்த இடத்தில் இருப்பதற்கு எனக்கு எதற்கம்மா வேட்டை என்று கேட்டேன். எது நம்பகமானது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதலாம். எழுதாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

வெர்னா


ஒடெஸ்ஸா
15 செப்டம்பர் 2013

அன்புள்ள அண்ணி,

கவசம் போட்டதையே வாங்குங்கள். காற்றாடி நேராகத்தான் தள்ளும், மறுக்கவில்லை. ஆனால் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். இரண்டு நாள் மேகம் போட்டால் சோலார் பலகை கைவிட்டுவிடும், பீப்பாய் பாட்டுக்குச் சும்மா நிற்கும். மான் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அப்புறம் அவற்றைத் திரும்ப வரவைப்பது லேசான காரியம் இல்லை.

இங்கே என் தகர வீட்டைச் சுற்றி இரவு பகல் இல்லாமல் கிணறுகளில் எரிவாயு எரிகிறது. இருட்டு என்பதே கிடையாது. பக்கத்து வீட்டில் இருப்பவன் பகலில் தூங்குவான், நான் இரவில். மூன்று வருஷமாகப் பக்கத்து வீடு, அவன் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. சாயங்காலம் ஐந்தரை ஆனால் மட்டும் கை தானாக டிவி சத்தத்தைக் குறைக்கிறது. மோட்டார் சத்தத்துக்காக. இருநூறு மைலுக்கு மேல் தள்ளி உட்கார்ந்துகொண்டு எதைக் கேட்கப் போகிறேன்?

அண்ணன் கோபத்தோடு போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் தெரியும். "அப்பா நிலத்துல அந்நியனைத் துப்பாக்கியோட நடக்கவிட்டுட்டே. இனிமே என் வாசப்படி ஏறாதே" என்றார். நான் ஏறவில்லை. அடக்கத்தன்றும் கல்லறைத் தோட்டத்து கேட்டிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். நீங்கள் பார்த்தீர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். தப்புச் சொல்லவில்லை.

நீங்களும் ஒன்று கேளுங்கள். சீசன் தொடங்கும்போதெல்லாம் அந்த ஆட்களுக்கு நிலம் காட்ட நான் வருவேன். சாயங்காலம் அவர்கள் பரணேறியதும் நான் வேலிப்பக்கம் போய்ச் சீமைக்கருவேல மரத்தடியில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவேன். அந்தப் பக்கம் பரணில் அண்ணன் தொப்பி தெரியும். அவருக்கும் நான் தெரிந்திருப்பேன். கை தூக்கலாமா என்று இருக்கும். துப்பாக்கி வைத்திருக்கிறவரைப் பார்த்துக் கையாட்டக் கூடாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்வேன். மோட்டார் சுற்றும். மான் வரும். இருட்டியதும் அவர் இறங்குவார், நானும் எழுந்துவிடுவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

ஹூஸ்டன்காரர்கள் முதல் வருஷம் மானே இல்லை என்று கத்தினார்கள். அடுத்த தடவை வரமாட்டோம், வேறு நிலம் பார்க்கிறோம் என்று ஊர்க் கடையிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போயிருந்தால் வறட்சி வருஷமே நான் நிலத்தை விற்றிருப்பேன். எப்படியோ அடுத்த சீசனிலிருந்து விருந்துக்குக் கூப்பிட்டது மாதிரி மான்கள் என் பக்கம் வந்தன. காற்று தென்கிழக்கு, சோளத்தை இந்தப் பக்கம் தள்ளுகிறது என்று நினைத்தேன். எனக்கும் அதிர்ஷ்டம் உண்டு போல என்று கொஞ்ச நாள் நிமிர்ந்து நடந்தேன்.

புதுசு வாங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய பீப்பாய்க்குக் கீழே சுற்றிலும் தார்ப்பாய் விரியுங்கள். வேலிக்கு அந்தப் பக்கமும் ஒன்று போடுங்கள், நான் அனுமதி தருகிறேன், என் நிலம்தானே இன்னும். டைமர் பெட்டியில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு விலகி நில்லுங்கள். சோளம் எவ்வளவு தூரம் போகிறது, எந்தப் பக்கம் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். அதற்கு ஏற்றபடி புதுசை எங்கே நடலாம் என்று சொல்கிறேன். ஏணியில் மட்டும் ஏற வேண்டாம். டெல்பர்ட் வந்து நிரப்பட்டும்.

ஹார்லன்


மேசன்
29 செப்டம்பர் 2013

தம்பி ஹார்லன்,

ஏணியில் ஏறினேன். நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

நீ சொன்னபடியே தார்ப்பாய் விரித்தேன். என் பக்கம் இரண்டு நீலம், உன் பக்கம் ஒரு பச்சை. வேலியைத் தாண்டும்போது பாவாடையில் கம்பி மாட்டிக் கிழிந்தது, உன் கணக்கில் எழுதிக்கொள். பொத்தானை அழுத்தினேன். சோளம் பறந்தது. நின்றதும் போய்ப் பார்த்தேன்.

நீலத் தார்ப்பாயில் ஒரு கைப்பிடிகூட இல்லை. எல்லாம் பச்சையில் கிடந்தது. எல்லாமே உன் பக்கம். காற்றுதான் என்று நானும் நினைத்தேன். அன்றைக்குக் காற்றே இல்லை, இலை அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் பச்சையில்தான்.

பிறகுதான் ஏறினேன். இத்தனை வருஷத்தில் நான் அந்தப் பீப்பாயின் அடியைப் பார்த்ததே இல்லை. நிரப்புவது அவர், பேட்டரி மாற்றுவது அவர். போன ஜனவரிக்கு அப்புறம் டெல்பர்ட் மேல் மூடியைத் திறந்து கொட்டிவிட்டுப் போவதோடு சரி. கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தேன். தட்டைச் சுற்றி என் பக்கம் முழுக்க ஒரு தகரத்தை அரைவட்டமாக வளைத்து நாலு போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. சோளம் அதில் மோதித் திரும்பி உன் பக்கம் மட்டும்தான் போக முடியும்.

தகரம் இல்லை தம்பி, நம்பர் பிளேட். சோளம் அடித்து அடித்து எழுத்துப் பாதி தேய்ந்து பளபளவென்று இருந்தது. ஆனால் ஓரம் மடங்கியிருந்தது. நீ தேவாலய வாசல் ஓக் மரத்தில் பின்னோக்கி ஓட்டிப்போய் இடித்த பிக்கப் வண்டி, ஒடெஸ்ஸா போகும்போது எங்கள் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனாயே, அதன் பிளேட். கொட்டகைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். பின்னால் பிளேட் இல்லை. வெறும் இரண்டு ஓட்டை.

அப்படியானால் நீ போன பிறகுதான் இதைச் செய்திருக்கிறார். வாசப்படி ஏறாதே என்று உன்னைச் சொன்ன பிறகு.

எந்த நாள் என்றுகூட இப்போது தெரிகிறது. டெல்பர்ட் கடையில் நாங்கள் இருந்தபோது உன் ஹூஸ்டன்காரர்கள் வந்தார்கள். மானே இல்லை, இனி வரமாட்டோம், பாவம் அந்த ஆள் விற்றுத்தான் ஆகவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.  மறுநாள் எமில் துளைபோடும் கருவியை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் போனார். என்ன வேலை என்று கேட்டேன். "பீப்பாய் கொஞ்சம் கோணலா எறியுது, சரி பண்ணிட்டு வரேன்" என்றார். மோட்டாருக்கு எண்ணெய் போடப் போகிறார் என்று நினைத்தேன்.

கண் மங்கவில்லை ஹார்லன். அவர் பரணில் உட்கார்ந்து உன் பக்கம் மான் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இந்தப் பக்கம் சுடுவதற்கு ஒன்றும் இருந்ததில்லை. அதனால்தான் சாஸேஜ் இல்லை. "சோளம் போகவேண்டிய எடத்துக்குத்தான் போயிருக்கு" என்றாரே, அது கசப்பு இல்லை. என்னிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் காது இல்லை.

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது. என்னிடம் சொன்னால் நான் என்ன தடுத்திருப்பேனா? சரி, தடுத்திருப்பேன். இருந்தாலும் சொல்லியிருக்கலாம். அவர் கோபம் என்று இத்தனை நாள் நான் கட்டிக் காத்தது அவருடையதே இல்லை. வீட்டில் இப்போது அதுவும் இல்லை. மூன்று நாளாக என்ன செய்வதென்று தெரியாமல் அறை அறையாக நடந்துகொண்டிருக்கிறேன்.

மார்ச்சில் போனை வைத்ததற்குக் காரணம் சொல்கிறேன். உன்மேல் கோபம் என்றால் எடுத்து நாலு வார்த்தை திட்டியிருக்க மாட்டேனா? நீ "ஹலோ" என்றாய். அது அவர் குரல். உனக்குத் தெரியாது, போனில் நீங்கள் இருவரும் ஒரே குரல். என் கையில் கண்ணாடி ஜாடி இருந்தது. கீழே விழுந்து உடைந்தது. அதற்கு மேல் எனக்குத் தெம்பு இல்லை.

விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. உன் நிலம், உன் கஷ்டம். இருந்தாலும் சொல்கிறேன். விற்காதே.

பிளேட்டைக் கழற்றவில்லை. கை வரவில்லை.

வெர்னா அண்ணி


ஒடெஸ்ஸா
10 அக்டோபர் 2013

அண்ணி,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் பிரித்தேன். அப்புறம் வேலைக்குப் போகவில்லை. மேஸ்திரி வந்து உடம்பு சரியில்லையா என்றான். ஆமாம் என்றேன். பொய் இல்லை.

எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் கையாட்டியிருப்பேன். சுட்டால் சுடட்டும் என்று வேலியைத் தாண்டிப் போயிருப்பேன். எங்களுக்கு நடுவில் எறிந்தால் சோளம் விழுகிற தூரம்தான். அதைத் தாண்ட இரண்டு கழுதைகளுக்கும் தெரியவில்லை. அவராவது சோளத்தை அனுப்பினார். நான் வாளிமேல் உட்கார்ந்து அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

ஓரம் மடங்கியதற்கு அவர் என்னைக் கேட்டது ஞாபகம் வருகிறது. "மரம் நகர்ந்து வந்து இடிச்சுதாடா?" என்று ஊர் முன்னால் கேட்டார். அந்தப் பிளேட்டைத்தான் தேடி எடுத்திருக்கிறார். கொட்டகையில் எத்தனையோ தகரம் கிடந்திருக்கும்.

வாசப்படி ஏறாதே என்று சொன்னவர் வேலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பாருங்கள். சொன்ன சொல்லையும் விடவில்லை, என்னையும் விடவில்லை. அவர் புத்தியே அப்படித்தான்.

பல் டாக்டருக்குப் போன் செய்து விற்கவில்லை என்றேன். பத்திரமெல்லாம் தயாராகிவிட்டது, என்ன காரணம் என்று கேட்டார். 

"எங்க அண்ணன் சம்மதிக்கல" என்றேன்.

"உங்க அண்ணன்தான் ஜனவரியிலயே இறந்துட்டாரே?"

"ஆமா. எனக்கே இப்பதான் தெரிஞ்சுது" என்றேன்.

அவர் என்ன நினைத்தாரோ, மெதுவாகப் போனை வைத்துவிட்டார். அடுத்த வாரம் ஆள் அனுப்பிப் பரணைப் பிரித்து எடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறார். இனி குத்தகையும் இல்லை. நிலத்தை வைத்துக்கொள்ள நான் இங்கேயே இன்னும் சில வருஷம் தகரத்துக்குள் கிடந்து வேக வேண்டும். பரவாயில்லை. இதுவரை எதற்காகக் கிடக்கிறேன் என்று தெரியாமல் கிடந்தேன்.

நவம்பர் இரண்டு, சீசன் தொடங்குகிற சனிக்கிழமை, வரட்டுமா? வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன். என் பக்கம் பரண் இருக்காது, பழைய வாளி போதும். குறி தவறினால் சட்டையின் கீழ்நுனியை வெட்டிக் கொட்டகைச் சுவரில் ஆணியடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறதல்லவா? அங்கே தொங்குவதில் பாதி என்னுடையது. அதனால் பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வருகிறேன். எனக்குப் பயிற்சி விட்டுப்போய்விட்டது.

குரல் விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்று. மன்னியுங்கள். வந்தால் உங்கள் முன்னால் அதிகம் பேச மாட்டேன். கேட்டதற்குத் தலையாட்டுகிறேன். ஒன்றும் சங்கடம் இருக்காது. வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். வேலிக்கு அந்தப் பக்கமே இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன், எனக்குப் பழக்கம்தான்.

புதுப் பீப்பாயை வாங்குங்கள். அதை வேலிக்கிட்டே வைக்க வேண்டாம். உங்கள் நிலத்தில் ஓடையோரம் இருக்கும் பரணுக்கு முன்னால் வைத்து வாயை உங்கள் பக்கம் திருப்புங்கள். வரும் குளிர்காலத்துக்காவது வீட்டில் சொந்த சாஸேஜ் இருக்கட்டும். பழையதை மட்டும் தொடாதீர்கள்.

ஹார்லன்


மேசன்
22 அக்டோபர் 2013

தம்பி ஹார்லன்,

கவசம் போட்டதைத்தான் வாங்கினேன். ஓடைப் பரணுக்கு முன்னால் டெல்பர்ட் நட்டுக் கொடுத்தான், கால்களை முளையடித்துக் கட்டினான். வாய் என் பக்கம். முதல் நாளே ரக்கூன் ஒன்று கம்பிக்குள் கையைவிட்டுப் பார்த்து ஏமாந்து, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுப் போனது. இரண்டாம் நாள் இரண்டு பெட்டை மான்கள் தூரத்தில் நின்றன. இன்னும் கிட்டே வரவில்லை. தினம் அதே நேரத்துக்குச் சத்தம் கேட்டால் நம்பிக்கை வரும் என்று நீதானே சொன்னாய். காத்திருக்கிறேன்.

பழையதைத் தொடவில்லை. நிரப்பிவைத்திருக்கிறேன், வாய் இருந்த பக்கமே இருக்கிறது. சாயங்காலம் அதன் சத்தம் கேட்கும்போது இப்போதெல்லாம் சமையலறை ஜன்னலைத் திறந்துவைக்கிறேன்.

சீசன் தொடங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, குளிர்கால நேரத்துக்காக ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், மானுக்கு அது தெரியாது. டைமரை நீ மாற்றிவிடாதே. உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

கத்தரியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். பழைய சட்டை போட்டு வந்தாலும் வெட்டுவேன்.

தலையாட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இந்த வீட்டில் தலையாட்டுகிற ஆள் தேவையில்லை, சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலம் ஒன்றே போதும். ஜனவரியிலிருந்து இங்கே நான் பேசுகிற சத்தம் மட்டும்தான், எனக்கே அது புளித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வேலிப்பக்கம் போகாதே. நேராக வீட்டுக்கு வா. வாசப்படி ஏறு. கதவைத் தட்டாதே, திறந்துதான் இருக்கும். உள்ளே வந்து ஹலோ சொல்.

அந்த நேரம் கையில் எதுவும் வைத்திருக்க மாட்டேன்.

வெர்னா அண்ணி